கார்டில் விழும் கோடு: ரத்தத்தில் புழுவைத் தேடும் கதை

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, சோழவந்தான் பக்கத்திலிருந்து ஒரு அக்கா தன் ஏழு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு மதுரையில் இருக்கும் எங்கள் லேபுக்கு வந்தார். டாக்டர் சீட்டு எதுவும் இல்லை. "ராத்திரியெல்லாம் பல்லை நறநறன்னு கடிக்கிறான் தம்பி, தூங்கவே மாட்டேங்கிறான், நெளியுறான். கன்னத்துல வேற வெள்ளை வெள்ளையாத் தேமல். வயித்துல பூச்சிதான். அந்தக் கார்டு வைப்பீங்கள்ல, பத்து நிமிஷத்துல கோடு விழுமே, அதுல பூச்சி இருக்கா இல்லையான்னு பார்த்துச் சொல்லிருங்க" என்றார். நான் ஊசியை எடுக்காமல் மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து நீட்டியதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "டெங்குக்குக் கார்டு இருக்கு, மலேரியாவுக்குக் கார்டு இருக்கு, கொரோனாவுக்கு மூக்குல குச்சியை விட்டுக் கார்டு வச்சீங்க. இந்தப் பூச்சிக்கு மட்டும் இல்லையாக்கும்?"

நியாயமான கேள்வி. புழுக்களுக்கும் ரத்தக் கார்டு உண்டு. ஆனால் எல்லாப் புழுவுக்கும் இல்லை, இருக்கிற கார்டும் நாம் நினைக்கிற கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. அன்று கூட்டத்துக்கு நடுவே அவரிடம் அரைகுறையாகச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, லேப் டெக்னீசியன். மருந்து விஷயத்தில் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

முதலில் கார்டு என்பது என்ன என்று பார்த்துவிடலாம். பிளாஸ்டிக்கைப் பிரித்தால் உள்ளே இருப்பது ஒரு நீளமான, ஈரத்தை உறிஞ்சும் காகிதப் பட்டை, அவ்வளவுதான். திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி ஒரு முனையில் விட்ட ரத்தம் மறுமுனை நோக்கி ஊறிக்கொண்டு போகும். போகிற வழியில் ஓரிடத்தில் மிக மிக நுண்ணிய தங்கத் துகள்களைத் தடவி வைத்திருப்பார்கள். தங்கம் என்றதும் தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளை நினைக்க வேண்டாம். இவ்வளவு பொடியாக்கினால் தங்கம் மஞ்சளாக இருக்காது, சிவப்பாகத் தெரியும். நாம் பார்க்கிற ரோஸ் நிறக் கோடு அதுதான். அந்தத் தங்கத் துகளின் மேல், தேடுகிற பொருளை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதம் ஒட்டியிருக்கும். ரத்தத்தில் அந்தப் பொருள் இருந்தால் துகள் அதைப் பிடித்துக்கொண்டு மேலே நகரும், நடுவழியில் அதே பொருளைப் பிடிக்க இன்னொரு புரதத்தைக் குறுக்கே கோடாகப் பூசி வைத்திருப்பார்கள், அங்கே இரண்டு பக்கமும் பிடிபட்டு நின்றுவிடும். துகள்கள் கூட்டமாக நின்றால் நமக்குக் கோடு. பொருளே இல்லை என்றால் துகள்கள் நிற்காமல் தாண்டிப்போய் அடுத்திருக்கும் கன்ட்ரோல் கோட்டில் மட்டும் படியும். வீட்டில் கர்ப்பம் பார்க்கிற பட்டையும் இதே சங்கதிதான். கன்ட்ரோல் கோடு விழவில்லை என்றால் அந்தக் கார்டு கெட்டுப்போனது, அதில் வேறு என்ன தெரிந்தாலும் கணக்கில் சேராது. இது தெரியாமல் ஒற்றைக் கோட்டைப் பார்த்துப் பயந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, தேடுகிற பொருள் என்ன? இங்கேதான் விஷயமே இருக்கிறது. முழுப் புழுவையும் எந்தக் கார்டாலும் பிடிக்க முடியாது. தேடுவது இரண்டில் ஒன்றை: புழு தன் உடம்பிலிருந்து கசிய விடுகிற பொருள், அல்லது புழுவுக்கு எதிராக நம் உடம்பு தயாரித்த பொருள். முதலாவது ஆன்டிஜென், இரண்டாவது ஆன்டிபாடி. பேர் குழப்பினால் அழகர் ஆற்றில் இறங்குகிற நாளை நினைத்துக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கில் ஜனம் கூடுகிறது. கூட்டம் இருக்கிறவரை தரையெங்கும் நீர்மோர்க் கப்பும் தண்ணீர்ப் பாக்கெட்டும் விசிறி அட்டையுமாக விழுந்துகொண்டே இருக்கும். அந்தக் குப்பை ஆன்டிஜென். கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் போலீஸ் சவுக்குக் கட்டையால் அடைத்த தடுப்பு இருக்கிறதே, அது ஆன்டிபாடி. புதுக் குப்பை விழுந்துகொண்டிருந்தால் கூட்டம் இப்போது இருக்கிறது, அல்லது இப்போதுதான் போனது என்று அர்த்தம். தடுப்பு அப்படி இல்லை. அழகர் மலைக்குத் திரும்பி வாரக் கணக்கானாலும் சில தெருக்களில் கட்டையை யாரும் பிடுங்காமல் அப்படியே நிற்கும். இன்னொன்று, தடுப்பை மட்டும் பார்த்து அது அழகருக்குக் கட்டியதா, அமைச்சர் வருகைக்குக் கட்டியதா என்று சொல்லவும் முடியாது. ஒரு புழுவுக்கு எதிராக உண்டான ஆன்டிபாடி, அதன் சொந்தக்காரப் புழுவுக்கு வைத்த சோதனையிலும் கோடு காட்டிவிடும். புழு விஷயத்தில் இந்தக் குழப்பம் அதிகம், ஏனென்றால் ஒரே ஆளுக்கு வாழ்நாளில் நாலைந்து வகைப் புழுக்கள் வந்து போயிருக்கும், அவை ஒன்றுக்கொன்று பங்காளிகள்.

இந்த வகையில் உலகம் முழுக்க நன்றாக வேலை செய்கிற கார்டு என்றால் யானைக்கால் நோய்க்கு உள்ளதுதான். அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதன் கதை தெரிந்தால் மற்றதெல்லாம் தன்னால் புரியும்.

யானைக்கால் கொசுவால் வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். கிருதுமால் நதியிலும் பந்தல்குடி கால்வாயிலும் தேங்கிக் கிடக்கிறதே சாக்கடை, அந்த மாதிரித் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு. நம் ஊரைவிடக் கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் இந்த நோயின் பேச்சு அதிகம். இந்தியாவில் ஏறக்குறைய எல்லாமே வுச்செரேரியா பான்கிராஃப்டி என்ற ஒரே இனப் புழுவின் வேலை. முதிர்ந்த ஆணும் பெண்ணும் நம் நிணநீர்க் குழாய்களுக்குள் நூல் மாதிரிச் சுருண்டு கிடந்து ஐந்தாறு வருடங்களுக்கு மேல் குடும்பம் நடத்தும். அவை போடுகிற குட்டிகள் மைக்ரோஃபைலேரியா. 1872-இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் என்ற டாக்டர் மனித ரத்தத்தில் இந்தக் குட்டிகளைக் கண்டார். அதே பத்தாண்டின் கடைசியில் சீனாவில் பேட்ரிக் மேன்சன், இவை கொசுவுக்குள் போய் வளர்கின்றன என்பதையும், பகலில் ரத்தத்தில் காணாமல் போய் ராத்திரியில் தோன்றுகின்றன என்பதையும் கண்டுபிடித்தார். பகலில் நுரையீரல் ரத்தக் குழாய்களில் பதுங்கிக் கிடந்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் இரண்டு மணி வரை, அதாவது கொசு கடிக்க வருகிற நேரம் பார்த்து, தோலுக்கு அடியில் ஓடுகிற ரத்தத்துக்கு வந்துவிடும். இவ்வளவு சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அதனால் யானைக்கால் பார்க்க ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் ராத்திரியில்தான் எடுக்க வேண்டும். 1955-இல் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியதிலிருந்து இந்த வேலைக்கென்றே ஆட்கள் உண்டு. அர்த்தராத்திரியில் கையில் விளக்கும் கண்ணாடிச் சில்லுமாகத் தெருத்தெருவாகப் போய், தூங்குகிறவரை எழுப்பி விரலில் குத்தி ரத்தம் எடுப்பது. நாய் துரத்தும், கதவு திறக்க மாட்டார்கள், திறந்தாலும் திட்டுவார்கள். எடுத்த ரத்தத்தைக் காயவைத்துச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் தேட வேண்டும். குட்டி கிடைத்தால் சந்தேகமே இல்லை, நேரடி சாட்சி. ஆனால் ரத்தத்தில் குட்டி குறைவாக இருந்தாலோ, ஆண் புழு மட்டும் இருந்தாலோ ஒன்றும் தெரியாது.

கார்டு வந்ததும் இந்த ராத்திரி வேலைக்கு ஒரு மாற்று கிடைத்தது. முதிர்ந்த புழு கசிய விடுகிற ஆன்டிஜென் ரத்தத்தில் பகலிலும் இருக்கும், ராத்திரியிலும் இருக்கும். குட்டி பதுங்குகிற மாதிரி அது பதுங்காது. முதலில் அட்டை வடிவில் வந்தது, இப்போது பரவலாக இருப்பது எஃப்.டி.எஸ். என்று சுருக்கிச் சொல்லும் ஃபைலேரியாசிஸ் டெஸ்ட் ஸ்ட்ரிப். விரல் நுனியில் குத்தி 75 மைக்ரோலிட்டர் ரத்தம் எடுத்தால் போதும், ஏறக்குறைய ஒன்றரைச் சொட்டு. பட்டையில் விட்டுச் சரியாகப் பத்து நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும்.

"சரியாக" என்பதை அழுத்திச் சொல்கிறேன். எட்டு நிமிடத்தில் பார்த்தால் லேசான கோடு இன்னும் வந்திருக்காது. பட்டையை வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய் அரை மணி கழித்து வந்து பார்த்தால், இல்லாத ஆளுக்கும் மங்கலாக ஒரு கோடு தெரியலாம். காகிதம் காயும்போது துகள்கள் அங்கங்கே படிகிற வேலை அது. பழைய அட்டைச் சோதனையில் இந்தத் தாமதத்தால் வந்த பொய்ப் பாசிட்டிவ் ஒரு பெரிய தலைவலி. நானே வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு லேபில், யானைக்கால் இல்லை வேறு ஏதோ கார்டு, குப்பைக் கூடையில் போட்டதை மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்து "ஐயோ, கோடு இருக்கே, நெகட்டிவ்னு கொடுத்துட்டோமே" என்று வெலவெலத்துப் போனேன். சீனியர் அண்ணன் சிரித்துவிட்டு, "காஞ்ச கார்டு காகிதம்டா, அதைப் படிக்காத" என்றார். கொரோனா நேரத்தில் வீட்டில் சோதனை செய்தவர்கள் எத்தனை பேர் இப்படி மறுநாள் பார்த்துப் பதறினார்களோ.

அடுத்து, இந்தக் கார்டில் பலரும் தடுக்கி விழுகிற இடம். கால் வீங்கி, தோல் தடித்து, பார்த்தாலே யானைக்கால் என்று தெரிகிற ஒரு பெரியவருக்கு இந்தக் கார்டு வைத்தால் பெரும்பாலும் நெகட்டிவ் வரும். அவர் மகன் நம்மிடம் சண்டைக்கு வருவார், "என்ன லேப் நடத்துறீங்க, கண்ணு தெரியலையா" என்று. கார்டு சரியாகத்தான் சொல்கிறது. அவர் உடம்பில் இருந்த புழுக்கள் எப்போதோ செத்துவிட்டன. அவை கெடுத்து வைத்துவிட்டுப் போன நிணநீர்க் குழாய்தான் வீக்கத்துக்குக் காரணம். கூட்டம் கலைந்துவிட்டது, குப்பையும் போய்விட்டது, மிதிபட்ட பயிர் மட்டும் மிச்சம். இன்னொரு பக்கம், கார்டில் பளிச்சென்று கோடு விழுகிற பலருக்கு வீக்கம், வலி எதுவும் இருக்காது, ஓடியாடி வேலை செய்துகொண்டிருப்பார்கள். புழு உயிரோடு இருப்பது இவர்களிடம்தான். ரத்தத்தில் குட்டிகளும் இருந்தால் கொசு வழியாக அடுத்தவருக்குப் போவதும் இவர்களிடமிருந்துதான். ஆக நோய் தெரிகிறவருக்குக் கோடு இல்லை, கோடு விழுகிறவருக்கு நோய் தெரிவதில்லை.

மருந்து சாப்பிட்ட பிறகும் கோடு உடனே மறையாது. யானைக்காலுக்குக் கொடுக்கிற டி.இ.சி. மாத்திரை குட்டிகளை வேகமாக அழித்துவிடும், முதிர்ந்த புழுக்கள் எல்லாம் சாவதில்லை, அவை இருக்கிறவரை, சில சமயம் வருடக் கணக்கில், ஆன்டிஜென் இருக்கும். அதனால் "மாத்திரை சாப்பிட்டேன், இன்னும் பாசிட்டிவ் வருது, மருந்து வேலை செய்யலை" என்ற முடிவுக்கு இந்தக் கார்டை வைத்து வர முடியாது. கொசு கடித்த மறுநாளே ஓடி வந்து பார்ப்பதிலும் பயன் இல்லை. உள்ளே நுழைந்த புழு முதிர்வதற்கே பல மாதம் ஆகும்.

இந்தக் கார்டின் முக்கியமான வேலை தனி ஆளுக்கு வைத்தியம் பார்ப்பதும்கூட இல்லை, ஓர் ஊரை எடைபோடுவது. வீடுவீடாக வருடா வருடம் யானைக்கால் மாத்திரை கொடுத்த பகுதியில், போதும் நிறுத்தலாமா என்று முடிவு செய்ய ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு இந்தக் கார்டை வைத்துப் பார்ப்பார்கள். ஏன் சின்னப் பிள்ளைகள்? மாத்திரைத் திட்டம் ஆரம்பித்த பிறகு பிறந்தவர்கள் அவர்கள். அவர்களுக்குக் கோடு விழுந்தால் புழு இன்னும் புதிதாகப் பரவிக்கொண்டிருக்கிறது. ஐம்பது வயதுக்காரருக்கு விழுந்தால் அது எப்போது வந்ததோ யாருக்குத் தெரியும். பிள்ளைகளையும் குத்த வேண்டாம் என்றால் கொசுவையே பிடித்து, அதற்குள் புழுவின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று பார்க்கும் முறையும் உண்டு. இப்படிக் கொசுவை ஆராய்வதற்கென்றே நம் மதுரையில் 1985-இல் ஐ.சி.எம்.ஆர். ஒரு மையம் தொடங்கியது. சின்னச் சொக்கிகுளம் பக்கம் அந்த வழியே தினமும் போகிறவர்களுக்குக்கூட உள்ளே கொசு ஆராய்ச்சி நடந்தது தெரிந்திருக்காது.

ஒரு புழுவுக்கு வைத்த கார்டு அதன் தம்பிக்கு உதவாது என்பதற்கும் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கேரளத்தில் சேர்த்தலைப் பக்கம் பிருகியா மலாயி என்ற வேறொரு புழுவால் யானைக்கால் வரும். எஃப்.டி.எஸ். பட்டை அதைப் பிடிக்காது. அதற்கு ஆன்டிபாடி தேடும் தனிக் கார்டு, படிக்கிற நேரமும் வேறு, 25 நிமிடம். இதற்கு நேர்மாறாக, மத்திய ஆப்பிரிக்காவில் கண்ணுக்குள் ஊர்ந்து போகிற லோவா லோவா என்ற புழு ரத்தத்தில் மிக அதிகமாக இருந்தால், யானைக்கால் இல்லாமலே எஃப்.டி.எஸ். பாசிட்டிவ் காட்டிவிடும். புழுவின் ஊர் தெரியாமல் கார்டைப் படிக்கக் கூடாது.

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், பெருக்கலுக்கு மேல் போக மாட்டேன்.

ஆப்பிரிக்காவில் ஆற்றோரக் கறுப்பு ஈ கடித்துப் பரவுகிற ஆன்கோசெர்க்கா என்ற புழு, ஆளைக் குருடாக்கிவிடும். அதற்கு ஓ.வி.16 என்று ஓர் ஆன்டிபாடி கார்டு இருக்கிறது. மருந்து கொடுப்பதை நிறுத்தலாம் என்று சொல்ல உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வைத்த அளவுகோலில் ஒன்று: பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளில் ஆன்டிபாடி உள்ளவர்கள் 0.1 சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும், அதாவது ஆயிரத்துக்கு ஒரு பிள்ளை. இப்போது ஒரு கார்டு 99 சதவீதம் துல்லியம், நூறு ஆரோக்கியமான ஆட்களில் ஒருவருக்குத்தான் தப்பாகக் கோடு காட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நன்றாக இருக்கிறது, பரீட்சையில் 99 மார்க் மாதிரி. ஆனால் புழுவே இல்லாத ஆயிரம் பிள்ளைகளுக்கு வைத்தால் பத்துப் பேருக்குக் கோடு விழும். அளவுகோல் ஒன்று, கார்டு பொய்யாகவே பத்து காட்டுகிறது. இப்படிப்பட்ட கார்டை மட்டும் நம்பினால் அந்த ஊரில் மருந்தை என்றைக்குமே நிறுத்த முடியாது. அதே கார்டை ஆயிரத்தில் முந்நூறு பேருக்குப் புழு உள்ள ஊருக்குக் கொண்டுபோனால், மிச்சம் எழுநூறில் தப்பாக விழுகிற ஏழு கோடு பெரிய விஷயமே இல்லை. கார்டு ஒன்றுதான், ஊர் மாறியதும் அதன் சொல்லுக்கு மதிப்பு மாறிவிடுகிறது. "மாஸ்டர் ஹெல்த் செக்கப்" என்ற பேரில், எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்குக் கண்ட சோதனையும் வைக்கும்போது நடப்பதும் இதுதான். லேப்காரன் நானே இதைச் சொல்லக் கூடாது, சொல்லிவிட்டேன்.

நம் ஊரில் புழுவோடு சேர்த்துப் பேசப்படுகிற இன்னொரு ரத்தப் பேச்சு ஈஸ்னோபீலியா. காலையில் நாலு தும்மல் போட்டாலே "எனக்கு ஈஸ்னோபீலியா இருக்குங்க" என்பார்கள், என்னவோ பரம்பரைச் சொத்து மாதிரி. ஈஸ்னோஃபில் என்பது நம் ரத்த வெள்ளை அணுக்களில் ஒரு வகை. எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஐந்நூறைத் தாண்டினால் கூடுதல் என்போம். புழு உடம்புத் திசுக்களுக்குள் சுற்றும்போது இது ஏறும். ஆனால் தூசி ஒவ்வாமை, ஆஸ்துமா, சில மருந்துகள் எல்லாவற்றுக்கும் ஏறும். குடலுக்குள்ளேயே கிடக்கிற புழுவுக்குப் பல சமயம் ஏறவே ஏறாது. நாய் குரைக்கிறது என்பது வரைதான் இது சொல்லும், வந்தது திருடனா தபால்காரரா என்று சொல்லாது. விதிவிலக்கு ஒன்று உண்டு. யானைக்கால் புழுவின் குட்டிகளுக்கு எதிராகச் சிலர் உடம்பு அளவுக்கு மீறிச் சண்டை போடும். ராத்திரியில் விடாத வறட்டு இருமல், இளைப்பு, ஈஸ்னோஃபில் மூவாயிரத்துக்கு மேல். நுரையீரல் ஈஸ்னோபீலியா என்று டாக்டர்கள் சொல்வது இது. ஆந்திராவில் மதனப்பள்ளி காசநோய் ஆஸ்பத்திரியில் 1940 வாக்கில், காசநோய் மாதிரி இருக்கிறது ஆனால் காசநோய் இல்லை என்று இதை எழுதி வைத்தார்கள். இவர்களுக்கு ராத்திரி ரத்தத்திலும் குட்டி கிடைக்காது, எல்லாவற்றையும் உடம்பே வடிகட்டிவிடும். ஆன்டிபாடி மட்டும் எக்கச்சக்கமாக இருக்கும். தடுப்புக் கட்டையே தெருவை அடைத்த கதை. பழைய ஆட்களுக்கு ஹெட்ரசான் மாத்திரை ஞாபகம் இருக்கலாம், அது டி.இ.சி.தான்.

சரி, அந்த அக்காவின் கேள்விக்கு வருகிறேன். குடலில் இருக்கிற நாக்குப்பூச்சிக்கும் கொக்கிப்புழுவுக்கும் ஏன் ரத்தக் கார்டு வைப்பதில்லை?

தேவையில்லை என்பதுதான் முதல் காரணம். ஒரு பெண் நாக்குப்பூச்சி ஒரு நாளைக்கு 2 லட்சம் முட்டை வரை போடும். மதுரையில் தேர்தல் நேரத்தில்கூட ஒரு கட்சி ஒரு நாளில் அவ்வளவு போஸ்டர் ஒட்டாது. இவ்வளவு சாட்சியையும் அது தினமும் மலத்தில் அனுப்பிக்கொண்டிருக்கும்போது ரத்தத்தில் போய் எதைத் துழாவுவது? சில்லில் துளி மலத்தைத் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எந்தப் புழு, ஏறக்குறைய எவ்வளவு என்பது வரை தெரியும். ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்தால், மூன்று வயதில் மண்ணில் விளையாடி வந்து போன புழுவின் தடுப்புக் கட்டைகூட நிற்கும். கொக்கிப்புழு குடலைக் கடித்து ரத்தம் குடிப்பதால் ஹீமோகுளோபின் இறங்கும், அது ரத்தச் சோதனையில் தெரியும். ஆனால் நம் பெண்களுக்கு ஹீமோகுளோபின் இறங்க வேறு நூறு காரணம் இருக்கிறது.

இரண்டாவது காரணம் காசு. மாத்திரை சோதனையைவிட மலிவு. 2015-இலிருந்து தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று பள்ளியிலும் அங்கன்வாடியிலும் ஒன்றிலிருந்து பத்தொன்பது வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்பெண்டசோல் கொடுக்கிறார்களே, யாருக்காவது ரத்தமோ மலமோ பார்த்தார்களா? புழு இல்லாத பிள்ளைக்கும் அந்த ஒரு வேளை மாத்திரையால் கெடுதல் இல்லை. அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றிய பாட்டிகளும் யாருக்குப் பூச்சி இருக்கிறது என்று விசாரிக்கவில்லை. கொள்கை ஒன்றுதான், இப்போதைய மருந்து கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்கிறது.

சோதனையே வேண்டாத இன்னொரு புழுவும் நம்மூரில் இருந்தது. நரம்புச் சிலந்தி. படிக்கட்டில் இறங்கி மொள்ளும் கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடித்த காலத்தில் வந்தது, காலைப் பிளந்துகொண்டு புழுவே வெளியே வந்துவிடும், குச்சியில் சுற்றிச் சுற்றி நாள் கணக்கில் இழுப்பார்கள். தண்ணீரை வடிகட்டிக் குடித்தே ஒழித்தார்கள், 2000-இல் இந்தியாவுக்கு அது இல்லை என்ற சான்றிதழும் கிடைத்துவிட்டது.

ஆனால் குடல் புழுவிலேயே ஒன்றுக்கு மட்டும் ரத்தச் சோதனை உண்மையிலேயே கை கொடுக்கும். ஸ்ட்ராங்கிலாய்டஸ். வயலில் வெறுங்காலோடு நிற்கும்போது தோல் வழியாக ஏறும். இது முட்டையை வெளியே அனுப்பாமல் குடலிலேயே பொரிக்கவிட்டு, அந்தக் குஞ்சுகளில் சில மறுபடி அதே உடம்புக்குள் ஏறிக்கொள்ளும். அதனால் முடிவே இல்லாமல் பத்து, இருபது, முப்பது வருடம் சத்தமில்லாமல் ஓடும். இரண்டாம் உலகப்போரில் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கைதிகளாக இழுத்துச் செல்லப்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களிடம், ஊர் திரும்பி முப்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகும் இந்தப் புழுவைக் கண்டார்கள். அதே பாதையில் மலேயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் தமிழ் ஜனங்களும் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள், உயிரோடு மீண்டவர்களுக்கு யார் சோதனை வைத்துப் பார்த்தார்கள்? இந்தப் புழுவின் குஞ்சுகள் மலத்தில் சொற்பமாகத்தான் வரும், ஒரு முறை பார்த்து இல்லை என்று சொல்ல முடியாது. ஆன்டிபாடி சோதனை இங்கே நல்ல துணை. பெரும்பாலும் இது கார்டு இல்லை, எலைசா என்ற முறை, பெரிய லேபுக்கு அனுப்பி ஒன்றிரண்டு நாள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கலாம், ஏனென்றால் இந்தப் புழு உள்ளவருக்குத் தெரியாமல் பெரிய அளவில் ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால், அடங்கிக் கிடந்தது உடம்பு முழுக்கப் பெருகி ஆளையே கொண்டுபோய்விடும். வயல் வேலை செய்த ஆளுக்கு நீண்ட நாள் ஸ்டீராய்டு ஆரம்பிக்கப் போகிறார்கள் என்றால் "காலில் செருப்பில்லாமல் வேலை பார்த்திருக்கேன்" என்று டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

அப்புறம் முட்டைக்கோஸ். முட்டைக்கோஸ் சாப்பிட்டால் மூளையில் புழு வரும் என்று வாட்ஸ்ஆப்பில் வருடத்துக்கு ஒரு முறை சுற்றி வரும். அடிப்படையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பன்றி நாடாப்புழுவின் முட்டை, மனித மலம் கலந்த மண்ணோ தண்ணீரோ பட்ட எதையும் கழுவாமல் பச்சையாகத் தின்றால் உள்ளே போகும், அதிலிருந்து வெளிவரும் புழுக்குஞ்சு மூளையில் போய்க் கட்டியாக உட்காரும், வலிப்பு வரும். முட்டைக்கோஸ் மேல் தனியாகக் குற்றம் ஒன்றும் இல்லை, பன்றிக்கறி தொடாதவருக்கும் வரும். இதற்கும் ஆன்டிபாடி சோதனை உண்டு. ஆனால் நம் நாட்டில் அதிகம் பார்ப்பது மூளையில் ஒரே ஒரு கட்டி உள்ளவர்களை, அவர்களில் நிறையப் பேருக்கு ரத்தம் நெகட்டிவ் என்றே வரும். அங்கே ஸ்கேன்தான் பேசும். வலிப்பு வந்த பிள்ளைக்கு ரத்தச் சோதனை நெகட்டிவ் என்று ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். பல் கடிப்பதும் கன்னத்து வெள்ளையும் பூச்சிக்கு நம்பகமான அடையாளம் இல்லை. ஆனால் ராத்திரி நெளிகிறான் என்றாரே, அது எனக்கு உறுத்தியது. பையனைத் தனியாகக் கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே, பின்னால் அரிக்கிறது என்றான். அப்படியானால் கீரைப்பூச்சி. அதன் பெண் புழு ராத்திரியில் வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றித் தோலில் முட்டை போடும். அதனால் ரத்தத்திலும் தெரியாது, பெரும்பாலும் மலத்திலும் தெரியாது. நீட்டிய டப்பாவை நானே திரும்ப வாங்கி வைத்துவிட்டு, அக்காவிடம் செல்லோடேப் ஒரு துண்டும் கண்ணாடிச் சில்லு ஒன்றும் கொடுத்தேன். "நாளைக்குக் காலையில அவன் எந்திரிச்சதும், குளிக்கவைக்கிறதுக்கும் வெளிய போறதுக்கும் முன்னாடி, டேப்போட ஒட்டுற பக்கத்தை அந்த இடத்துல ரெண்டு வாட்டி அமுக்கி எடுத்து, இந்தச் சில்லுல ஒட்டிக் கொண்டாங்கக்கா." என்னை ஏற இறங்கப் பார்த்தார். கார்டு கேட்டு வந்தவருக்கு ஸ்டேஷனரி கடைச் சாமானைக் கொடுத்தால் யாருக்குத்தான் நம்பிக்கை வரும்?

திங்கட்கிழமை கொண்டு வந்தார். மைக்ராஸ்கோப்பில் வைத்ததும் முட்டைகள், ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவு, அரை நிலா மாதிரி வரிசையாக. அவரையே கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணை இடுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். டாக்டர் வீட்டில் எல்லோருக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார், இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறையும் சாப்பிடச் சொல்லி, பையனுக்கு நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார். போகும்போது அக்கா வாசலில் நின்று திரும்பி, "அப்ப அவன் கன்னத்துத் தேமலுக்கு ஏதாச்சும் கார்டு இருக்கா தம்பி?" என்றார்.